இங்கே நிகழவில்லை

நல்லசிவம் பிளாஸ்க்கைச் சாய்த்து டீயை ஊற்றினார். கோப்பையில் அல்ல. கோப்பைக்கு நாலு விரல் தள்ளி, மேசைமேல்.

கை தவறிச் சிந்தியிருந்தால் சரி என்று விட்டுவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பேசிக்கொண்டே, சிரித்த முகத்தோடு, ஒரு கோப்பை நிறையும் அளவுக்கு நிதானமாக ஊற்றி முடித்தார். சூடான டீ விரிப்பில் ஓடி எதிரே இருந்த ஜெரால்டுடைய மடியில் இறங்கியதும், அவன் "ஐயோ சாமி!" என்று துள்ளி எழுந்தான். அறை முழுக்க ஒரே சிரிப்பு.

"சாருக்கு இன்னிக்குக் கால் தரையில இல்லப்பா" என்றார் யாரோ.

எப்படி இருக்கும்? கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியைப் பிடித்து, பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு, மூன்று வருஷம் மண்டையை உடைத்து அவர் உருவாக்கிய 'தாவு சிட்டு' என்ற வீடியோ கேம் அன்று மாலை ஆறு மணிக்குத் திறக்கப்போகிறது. விளையாடுவதற்கான கண்ணாடியும் தலைப்பட்டையும் நாற்பத்தோராயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆறு மணிக்கு இங்கிருந்து பூட்டு திறந்தால் அத்தனை வீட்டிலும் சிட்டு தாவ ஆரம்பித்துவிடும்.

தாரணி மட்டும் சிரிக்கவில்லை. அவள்தான் அங்கே மூத்த சோதனையாளர். கேமை வெளியே விடுவதற்கு முன் மூலை முடுக்கெல்லாம் விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது, எங்கே தொங்குகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. டீ வீணாய்ப் போனதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. நல்லசிவத்தின் கை போன விதத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தப்பு அவளுக்கு ரொம்பப் பழக்கமான தப்பு.

"வாங்க, கீழ போய்ப் பூசணிக்காய் உடைச்சுட்டு வந்துரலாம்" என்று நல்லசிவம் எல்லோரையும் கிளப்பினார். முதல் ஆளாய்ப் படிக்கட்டுக்குப் போனார். முதல் படியில் கால் வைக்கவேண்டிய இடத்தில் வைக்காமல், தரையில் நடக்கிற மாதிரி காலை நேரே நீட்டினார். அந்தரத்தில் போன கால் மூன்றாவது படியில் விழுந்தது. பிறகு அவரே விழுந்தார். பூசணிக்காயும் அவரும் ஒன்றாகத்தான் உருண்டார்கள்.

எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கியபோது மணிக்கட்டு எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ஒரு பெண் கண்ணைப் பொத்திக்கொண்டாள். அந்த வலியிலும் நல்லசிவம் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படியே தெரியலப்பா" என்றார். "தரையில கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. வெறும் கோடு."

ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. உடனே ஆபரேஷன், மயக்க மருந்து, சாயங்காலம் வரை பேச முடியாது என்று செய்தி வந்தது. பொறுப்பு ஜெரால்டு தலையில் விழுந்தது. தலைப்பட்டையைச் செய்தவன் அவன்தான். டீக் கறையோடு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தவனிடம் தாரணி போனாள்.

"ஜெரால்டு, மடிப்பு பட்டனை அழுத்தினா என்ன ஆகுதுன்னு எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஆயிரத்து நூறு மணி நேரம் விளையாடினவங்க நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சொல்லுங்க."

ஆள் அரண்டுபோயிருந்தான். கேட்டதும் சொல்லிவிட்டான்.

"கேம்ல சிட்டு ஒரு கெளையில நிக்குது. கோபுரம் ரெண்டு மைல் தள்ளி நிக்குது. தாவ முடியாது. பட்டனை அழுத்தினா உலகம் மடியுது. தூரம்ங்கற பரிமாணமே போயிருது. கோபுரமும் கெளையும் ஒரே தாள்ல வரைஞ்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல வந்துரும். சிட்டு ஒரே தாவு. பட்டனை விட்டா உலகம் பழையபடி விரிஞ்சுக்கும். மத்தவன் கேம்ல படம் மட்டும்தான் மாறும். நம்மளுதுல பாக்கறவனுக்கே மாறுது."

"எப்படி?"

"ரெண்டு கண்ணும் ரெண்டு படம் அனுப்புதில்ல? பின்மண்டையில ஒரு எடம் ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான் எது கிட்ட, எது தூரம்னு கண்டுபிடிக்குது. நம்ம பட்டை அந்த எடத்தை லேசாத் தட்டித் தூங்க வெக்குது. பட்டனை விட்டதும் எழுப்பிருது. அவ்ளோதான்."

"தெனமும் ஒரே நேரத்துக்குத் தட்டித் தூங்க வெச்சா, கொழந்தை அப்பறம் தட்டாமயே தூங்கிரும் இல்லீங்களா?"

ஜெரால்டு அவளைப் பார்த்தான். "எப்பத் தூங்கும்?"

"நாம எப்ப பட்டன் அழுத்துவோம்?"

"தாவறதுக்கு முன்னாடி. ஒரு பள்ளத்தைத் தாண்டறதுக்கு…" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். பிறகு தன் மடியிலிருந்த கறையைப் பார்த்தான்.

ஆனால் அடுத்த நொடியே தலையை ஆட்டினான். "இல்லங்க. இருக்காது. அப்படி ஆகறதா இருந்தா மொதல்ல உங்களுக்கில்ல ஆகியிருக்கணும்? தெனமும் விளையாடற சாருக்கும் எங்களுக்கும் ரெண்டு மணி நேரத்துல தலைவலி வந்துரும். நீங்க பத்து மணி நேரம் உக்காருவீங்க. இரும்புத் தலைன்னு பேரே வெச்சோம். உங்களுக்கு ஒண்ணுமே ஆகல. சாருக்கு பிரஷர் இருக்கு, அதான்."

"ஒருவேளை நிறுத்தி வெச்சுட்டுப் பாத்தா?"

"நான் எப்படி நிறுத்தறது? மூளையைத் தொடற கருவின்னா, ஒரே ஆளு ஆயிரம் மணி நேரம் போட்டுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் சான்று. அந்தக் கையெழுத்து உங்களுது. நீங்களாக் காரணம் எழுதித் திரும்ப வாங்கினாத்தான் பூட்டு தொறக்காம நிக்கும். காரணம் இருக்கா உங்ககிட்ட?"

காரணம் இருந்தது. இருபத்து மூன்று வருஷமாக அவள் முகத்திலேயே இருந்தது.

ஆறு வயதில், தெருவில் பையன்கள் கிட்டிப்புள் விளையாடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது புள் தெறித்து இடது கண்ணில் பட்டது. காயம் ஆறிவிட்டது. விழியும் கெடவில்லை, பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே நரம்பு செத்து அந்தக் கண்ணில் பார்வை போனது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். அதற்கப்புறம் சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றினாள். உண்டியலுக்கு வெளியே காசு போட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். திட்டு வாங்கி வாங்கி, தந்திரங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். ஊற்றுவதற்கு முன் சொம்பு விளிம்பால் டம்ளர் விளிம்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். இறங்குவதற்கு முன் பாதத்தைத் தேய்த்துப் படி விளிம்பைத் தேட வேண்டும். வண்டி ஓட்டக் கூப்பிட்டால் பயம் என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டு இடத்தில் கண் பரிசோதனை என்று சொல்லி வேலை தராமல் அனுப்பிவிட்டார்கள். இங்கே படிவத்தில் 'பார்வைக் குறை உண்டா' என்று கேட்ட இடத்தில் இல்லை என்று டிக் அடித்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். அம்மா ஆறு வருஷம் முன்பு ஒரே ஒரு பொய் சொல்லி அதையும் முடித்துவிட்டாள்.

உலகம் மடிந்துபோவது மற்றவர்களுக்கு ஆச்சரியம். அவளுக்கு அது என்றைக்கும் மடிந்தேதான் இருந்தது. அதனால்தான் அவள் விளையாட்டைப் பார்த்து ஆபீஸே வாயைப் பிளந்தது. தூங்க வைக்க அவள் மண்டையில் ஒன்றும் விழித்துக்கொண்டிருக்கவில்லை. ஆயிரத்து நூறு மணி நேரமும் பட்டை வெறும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுவரின் கையெழுத்தை நம்பி நாற்பத்தோராயிரம் வீடு காத்திருக்கிறது!

இதையெல்லாம் ஜெரால்டிடம் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்து அவளை அப்படியே நிறுத்தியது.

வீட்டில், இரண்டு மாதமாக, குணசீலன் தண்ணீர் ஊற்றும்போது சொம்பு விளிம்பால் டம்ளரைத் தொட்டுவிட்டு ஊற்றுகிறான்.

குணசீலன் அவள் புருஷன். பார்த்துப் பார்த்துத் தன் பழக்கம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது என்று அவள் நினைத்திருந்தாள். அதை ஆசையாகக் கூடப் பார்த்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி. வீட்டுச் சோதனைக்கென்று அறுபது வீடுகளுக்குக் கருவி கொடுத்தபோது, ஊழியர்களும் ஆளுக்கொன்று எடுத்துப்போகலாம் என்றார்கள். அவளும் எடுத்துப்போனாள். அவன் ஆசையாய் விளையாடினான். தினம் இரண்டு மணி நேரம், எட்டு மாதம்.

குணசீலன் உக்கடம்–பொள்ளாச்சி தனியார் பஸ்ஸில் டிரைவர்.

தாரணி உடனே அவனுக்குப் போன் போட்டாள். ஓட்டும்போது போனை எடுக்காதீர்கள் என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான். மணி அடித்து அடித்து நின்றது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, முன்னால் போகிற லாரி எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவன் எழுபதில் போகிறான்.

"ஆறு மணிக்குள்ள சொல்றனுங்க" என்று ஜெரால்டிடம் எதையோ உளறிவிட்டு ஆட்டோ பிடித்தாள். போகும் வழியில் பஸ் கம்பெனி டைம் கீப்பர் எண் கிடைத்தது.

"அண்ணா, குணசீலன் வண்டி எங்க போயிட்டிருக்கு? கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, தயவு செஞ்சு. நான் அவுரு சம்சாரம் பேசறேன். தயவு செஞ்சுங்ணா!"

"ஏனம்மிணி, என்னாச்சு? வண்டி கெணத்துக்கடவு தாண்டிருச்சு, இங்கதான் வருது. ஓட்டறது நம்ம பழனியப்பன்தான், பயப்படாதீங்க."

"குணசீலன்…?"

"குணா ஸ்டேரிங்கைத் தொட்டு ரெண்டு மாசம் ஆச்சுங்களே! கண்டக்டராத்தான் போறான். அவனா வந்து, எனக்கு வண்டி வேண்டாம்னு சாவியைக் குடுத்துட்டானுங்க. ஊட்ல சொல்லலீங்களா?"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆட்டோவிலேயே தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்ததும், இரண்டு மாதமாக டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டுதானே காலையில் கிளம்பினான் என்பது உறைத்தது.

உக்கடத்தில் பஸ் வந்து நின்றபோது மணி இரண்டரை. கூட்டம் இறங்கியது. கடைசியாகக் குணசீலன் இறங்கினான். தோளில் கண்டக்டர் பை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தைத் தேய்த்து, படியின் விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகுதான் அடுத்ததில் கால் வைத்தான். யாராவது கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரில் வைத்துவிட்டார்களா என்று தாரணிக்குத் தோன்றியது. அத்தனை அச்சாக அவள் இறங்குகிற மாதிரியே இருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் கை தானாகப் பையை மறைக்கப் போனது. பிறகு விட்டுவிட்டான்.

"வா, உள்ள உக்காந்து பேசலாம்" என்றான்.

காலி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். எப்போதும்போல அவளுக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"எப்பருந்துங்க?"

"ரெண்டரை மாசம் இருக்கும். ஆச்சிப்பட்டிகிட்ட ஒரு டிராக்டர். நெம்பத் தூரத்துல இருக்குதுன்னு நெனைக்கறேன், கண்ணாடிக்கு முன்னாடி நிக்குது. எப்படியோ திருப்பிட்டேன். யாருக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் அப்படியே. குறுக்கால ஒண்ணைத் தாண்டலாம்னு நெனச்சாப் போதும், எல்லாம் சுவத்துல ஒட்டின படமாட்ட ஆயிருது. விளையாடறத நிறுத்திப்போட்டேன். ஆனா இன்னமும் படின்னா அப்படித்தான்."

"எங்க கம்பெனிக்கு எழுதியிருக்கலாமுல்ல!"

"எழுதினனே. மூணு தடவை."

தாரணி அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க எத்தனாவது நம்பர் வீடு?"

சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டிவிடக் கூடாதென்று, ஆபீஸில் வீட்டுச் சோதனைக் குறைகளைப் பெயரில்லாமல் எண் போட்டுத்தான் கொடுப்பார்கள். யார் எந்த எண் என்று அவளுக்கே தெரியாது.

"பதினேழு" என்றான்.

பதினேழு! அவளுக்கு ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருந்தது. 'முன்னால் இருப்பது படம் மாதிரி தெரிகிறது. மாடிப்படி இறங்கப் பயமாக இருக்கிறது.' அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன குறை சொன்னாலும், சோதனையாளர் அதைத் தானே மூன்று முறை செய்து பார்க்க வேண்டும். தனக்கும் அப்படியே ஆனால் அது குறை. ஆகாவிட்டால் 'இங்கே நிகழவில்லை' என்று எழுதி மூடிவிடலாம். அவளும் பட்டையை மாட்டிக்கொண்டு மூன்று முறை நேர்மையாக விளையாடிப் பார்த்தாள். அவளுக்கு என்ன நிகழும்? இங்கே நிகழவில்லை. மூடினாள். பதினேழை மட்டுமல்ல, அதே மாதிரி எழுதியிருந்த இன்னும் எட்டு வீடுகளையும் மூடினாள். இந்தப் பதினேழாம் வீட்டுக்காரர் குடித்துவிட்டு விளையாடுகிறாரோ என்று ஜெரால்டிடம் ஒருநாள் கேலிகூடப் பேசியிருக்கிறாள்.

"அதை மூடினது நான்தானுங்க" என்றாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வந்த பதில் என்ன? கண் மருத்துவரைப் பார்க்கவும், தயவு செய்து. சீக்கிரம் பார்க்கவும், தயவு செய்து. ஒரே பதில்ல ரெண்டு தடவை தயவு செஞ்சு போடறது இந்தக் கோயமுத்தூர்ல உன்னைத் தவிர எவ?" குணசீலன் சிரிக்கப் பார்த்தான். "டாக்டரையும் பாத்தேன். ரெண்டு கண்ணும் பளிங்காட்ட இருக்குன்னுட்டாரு."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் கேக்கல? ஏன் மூடினேன்னு ஒரு வார்த்தை…"

"என்னன்னு கேக்கறது? இது உனக்குத் தெரியவே தெரியாது, உனக்கு ஒத்தைக் கண்ணுதானேன்னா?"

பஸ்ஸுக்கு வெளியே ஒருவன் பொள்ளாச்சி, பொள்ளாச்சி என்று கத்திக்கொண்டிருந்தான். தாரணி அவனையே பார்த்தாள். வேறெங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்பத் தெரியும்?"

"கல்யாணமாகி மூணாம் மாசம். எடது பக்கமா வந்து நின்னா நீ தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவே. அன்னியிலருந்து நான் அந்தப் பக்கம் வரல. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப நீயே சொல்லுவேன்னு இருந்தேன். இப்ப எனக்கே வந்தப்பறம், நீ எப்படி ஊத்தறே, எப்படி எறங்கறேன்னு பாத்துப் பாத்துத்தான் சமாளிச்சேன்."

ஆறு வருஷம். சினிமாக் கொட்டகையில், கோயிலில், ரோட்டில், படுக்கையில், எப்போதும் வலது பக்கம். அவளுக்குத் திடீரென்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பனே! இன்னிக்கு எங்க சார் எலும்பு வெளிய வந்து கெடக்கறாரு. மீதி எட்டு வீட்ல யாரு எந்தப் படியில விழுந்தாங்களோ! நல்லவராட்ட வாயை மூடிட்டு இருந்து இப்படிப் பண்ணிப்போட்டீங்களே!"

"ஆமா" என்றான் அவன். "நான் ரெண்டு மாசம். நீ மூணு வருசம்."

குத்தலாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

மணி மூன்றேகால். தாரணி போனை எடுத்தாள். சான்றைத் திரும்பப் பெறும் படிவத்தைத் திறந்தாள். பெயர், எண், தேதி எல்லாம் அதுவாகவே நிரம்பிக்கொண்டது. 'காரணம்' என்ற ஒரு பெட்டி மட்டும் காலியாக நின்றது.

இதை அனுப்பினால் வேலை போகும். வேலைக்குச் சேர்ந்த படிவத்தில் பொய் சொன்னதற்குக் கேஸ்கூட வரலாம். மறைத்தது அம்பலமானது இன்றைக்குள் அம்மா காதுக்குப் போகும், மாமியாருக்கும் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் இன்னும் எட்டு மாதத்தில் நாற்பத்தோராயிரம் வீட்டிலும் ஒருவராவது படிக்கட்டுக்கு முன்னால் நின்று காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் டிரைவரோ, கொத்தனாரோ, ரோட்டைக் கடக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ.

'வீடு 17 உட்பட ஒன்பது வீடுகள் சொன்ன குறை உண்மை' என்று தட்டினாள். 'அவற்றை நான் தவறாக மூடிவிட்டேன். சோதித்தவருக்கு இடது கண் தெரியாது, ஆறு வயதிலிருந்தே. அதனால் அவருக்கு எதுவும் நிகழவில்லை. தயவு செய்து நிறுத்தவும்.'

ஒரு கணம் யோசித்து, கடைசியில் இன்னொரு தயவு செய்து சேர்த்தாள். அனுப்பு என்பதை அழுத்தினாள்.

திரை சுற்றியது. பிறகு சான்று ரத்து, திறப்பு நிறுத்தப்பட்டது என்று இரண்டு வரி வந்தது. மூன்று வருஷ உழைப்பு, பதினெட்டுப் பேர் பிழைப்பு, இரண்டு வரியில் முடிந்துபோனது. ஒரு நிமிஷத்துக்குள் ஜெரால்டு கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. போன் அவள் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

குணசீலன் வலது தோள்மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு வயசுலயா?" என்றான். "நான் பொறவியிலயேன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"இல்லீங்க. கிட்டிப்புள்ளு பட்டு."

"யாரு அடிச்சது?"

இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.